மூன்றாம் ஓலைக்கு முன்

மரியாயிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் லேசில் போகாது. தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். மீன்காரன் ஒரு பக்கத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினால், அவன் காட்டாத பக்கத்தைத்தான் பார்ப்பாள். ரப்பர் மலையில் பால் வெட்டும்போது மற்றப் பெண்கள் ஒரு கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். இவள் அதைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கு எடுத்துவந்து, சோறு வேகும்வரை புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

அவளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. மூத்தவள் ரோஷானிக்குக் கல்யாணம் பேசியபோது வழக்கம்போலக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில், ஃபாதர் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் படித்து, “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்” என்பார். மூன்று ஞாயிறும் கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணமாகிக் கொஞ்சக் காலம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மகராசனுக்குக் கித்துல்கலப் பக்கம் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதென்று. அதைவிடக் கொடுமை, லயத்தில் பாதிப் பேருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. “நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டோம் அக்கா” என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மா முகத்துக்கு நேரேயே சொன்னாள். ரோஷானி இரண்டு பையோடு திரும்பி வந்து, பிறகு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். இனித் தன் வீட்டுக் காரியத்தில் ஓலை வாசித்தால், வாய் திறக்கிற ஒருத்தியாவது அந்தக் கோயிலில் இருப்பாள் என்று மரியாயி அன்றைக்கே முடிவுகட்டினாள்.

இப்போது இளையவள் சர்மிளாவின் முறை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. மாப்பிள்ளை லியோன், தோட்டத்துப் பாடசாலையில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவன். பள்ளிக்கூடத்துக்கு வந்த மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு கண் திறக்காது. மூன்றாவது, மழை பெய்தால் திறக்காது. ஆனாலும் பிள்ளைகள் அவனை விட்டு நகரமாட்டார்கள். குடி இல்லை, சூது இல்லை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவான். இவ்வளவு நல்லவனாக இருப்பதே மரியாயிக்கு முதலில் உறுத்தியது.

உறுத்த இன்னொரு காரணமும் இருந்தது. லியோனின் சித்தப்பா ரொபர்ட், கலவானப் பக்கம் காட்டோரப் பாறையடியில் புதையல் தோண்டப் போய்ப் பொலிஸில் மாட்டி, கம்பி எண்ணிவிட்டு வந்தவர். பிடிபட்ட சாமான்களைப் பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். பஸ் பேட்டரிகள், வயர்ச் சுருள், பெட்டி மாதிரி ஒரு ஸ்கேனர், கட்டம் போட்ட செப்புத் தகடு, அறுத்த எலுமிச்சம்பழம். அந்தப் படத்தை மரியாயி அப்போது ஆற அமரப் பார்த்திருந்தாள். இரத்தினபுரிச் சீமையில் மண்ணுக்குள் கை விடுகிறவனை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மாணிக்கக் குழி ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் புதையல் வேறு. அதற்குப் பூசை வேண்டும், பூசைக்குப் பலி வேண்டும், சில இடங்களில் கன்னிப் பெண்ணைக் கேட்கும் என்று சொல்வார்கள்.

முதல் ஓலை வாசித்த வாரத்தில்தான் அவள் கவனித்தாள். பாடசாலை விட்டதும் லியோன் தன் வீட்டுக்குப் போகாமல், மேட்டில் இருக்கிற பழைய புகைக்கூடத்துப் பக்கம் ஏறுகிறான். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்த இடம் அது. இப்போது தோட்டம் பாலை அப்படியே பவுசர் லொறியில் ஏற்றி அனுப்பிவிடுவதால் வௌவாலுக்கும் பாம்புக்கும்தான் பிரயோசனம். அதற்கு லியோன் புதுப் பூட்டுப் போட்டிருந்தான்.

அந்த வாரமே ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, ஒன்றும் அறியாதவள் போல மரியாயி கேட்டாள்.

“சாயந்தரத்துல எங்கிட்டு மாப்புள போறீங்க? ஆளையே காணமே.”

லியோன் சர்மிளாவைப் பார்த்தான். சர்மிளா சுவரைப் பார்த்தாள்.

“சும்மா ஒரு வேலைங்க அத்த. மொத மொத வந்த கம்ப்யூட்டருல திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல, தெரியுங்களா? ஜெர்மனில ஒருத்தர் அம்மா அப்பா வீட்டு ஹால்ல வச்சே செஞ்சாரு. ஹாலே நெறஞ்சு போச்சு.”

“அம்மா அப்பா எங்கிட்டு ஒக்காந்தாங்களாம்?”

“அது தெரியாதுங்க” என்று சிரித்தான். “ஆனா அவங்க ஏசல. கூட்டாளிமாரும் வந்து ஒதவி செஞ்சாங்க. அமெரிக்கால இன்னொருத்தர் குசினி மேசையில செஞ்சாரு. டெலிபோன் ரிலேன்னு கரண்டுல தானா ஒட்டுற சுவிச்சு ரெண்டு, டோர்ச் பல்பு ரெண்டு, பொகையில டின்ன வெட்டி ஒரு தகடு. அவ்ளோதான், கூட்டல் கணக்குப் போட்டிருச்சு. பொறகுதான் பெரிய பெரிய மெசின் எல்லாம் வந்திச்சு. ஆயிரக்கணக்குல ரிலே, எல்லாம் டக் டக்குன்னு அடிக்கும்.”

மரியாயி கேட்டது சாயங்காலத்தைப் பற்றி. பதில் ஜெர்மனிக்குப் போய், அமெரிக்கா வழியாகத் திரும்பி வந்தது. புகைக்கூடத்துக்கு மட்டும் வரவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத ஆம்பிளையை அவள் ஒருமுறை மருமகனாகக் கொண்டு பட்டது போதும்.

மறுநாள் ஒரு ஆட்டோ மேடேறிப் போனது. ஓட்டி வந்தவர் தொப்பி போட்ட ஒரு பெரியவர், பெல்மதுளையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஸம்சுதீன் என்று தங்கம்மா விசாரித்துச் சொன்னாள். இரும்புக் கடைக்காரருக்குப் பாழடைந்த புகைக்கூடத்தில் என்ன வேலை? அதுவும் அவர் இரும்பை ஏற்றிக்கொண்டு போகவில்லை. கனமான சாக்கொன்றை இறக்கி வைத்துவிட்டல்லவா போனார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் மரியாயி ஃபாதரின் அறைக்குப் போனாள். ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். “அவருக்கு முன்னமே கல்யாணம் ஆகியிருக்கா? இல்ல. ரெண்டு பேரும் ரத்த ஒறவா? இல்ல. அப்புறம் எதம்மா தட? சித்தப்பா செஞ்சதுக்கு மகன் என்ன செய்வான்? சந்தேகத்த வச்சு ஓலையை நிப்பாட்ட ஏலாது. கண்ணால கண்டத கொண்டு வாங்க.”

கண்ணால் காண்பதற்குத்தான் மறுநாள் பால் வெட்டு முடிந்ததும் அவள் மேடேறினாள். அந்த நேரத்தில் லியோன் பாடசாலையில் இருப்பான். பூட்டு தொங்கியது. ஆனால் புகை வெளியேற விட்ட துவாரம் பின்சுவரில் இருந்தது, ஒரு முகம் நுழைகிற அளவுக்கு. ஒரு கல்லைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள்.

நான்கு பஸ் பேட்டரிகள் வரிசையாக, ஒன்றோடொன்று வயரால் பிணைத்து வைக்கப்பட்டிருந்தன. சுவர் முழுக்கச் சிவப்புச் சோக்கால் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, கட்டத்துக்குள் கோடும் வட்டமுமாக என்னவோ எழுதியிருந்தது. கீழே வரிசை வரிசையாக ஓட்டை குத்திய அட்டைகள். தாம்பாளம் நிறைய அறுத்துப் பிழிந்த எலுமிச்சம்பழம், சாறு பச்சையும் கறுப்புமாகத் திரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், கொசு புகாத நுளம்பு வலை போர்த்தி, ஆள் நீளத்துக்கு ஏதோ கிடந்தது.

பேப்பரில் பார்த்த படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பரப்பி வைத்தது போலிருந்தது. கால் கல்லிலிருந்து வழுகி, முழங்கை சுவரில் உரசி இரத்தம் கசிந்தது. ‘மாதாவே’ என்றாள்.

அன்று மாலை சர்மிளா வேலைவிட்டு வந்து சாப்பாட்டுக்குக் கை நீட்டினாள். மரியாயி அந்தக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை வாசம். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை, இரண்டு இடத்தில் கீறல்.

“கையில என்ன புள்ள நாத்தம்?”

“மடுவத்துல புள்ளைங்களுக்குச் சாறு கரைச்சோம்மா.”

மடுவத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சத்துமா. அது தோட்டத்துக்கே தெரியும். மகளுடைய முகத்தில் பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு வருகிற அந்த அவசரம் தெரிந்தது. அவன் இவளுக்கு ஏதோ செய்துவிட்டான், மந்திரித்துவிட்டான் என்று மரியாயி நினைத்தாள். இனி ஒரே ஒரு ஓலைதான் பாக்கி, அதற்குள் பிள்ளையைக் காப்பாற்றியாக வேண்டும். மகளிடம் கேட்டால் அவன் காதுக்குப் போகும், அவன் சாமானை இடம் மாற்றிவிடுவான். தங்கம்மாவிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், லியோன் மேடேறுவதைப் பார்த்துவிட்டுப் பொலிஸுக்குப் போன் எடுத்தாள். சிங்களம் அவளுக்குத் தமிழ் போலத்தான் வரும். தோட்டத்துப் புகைக்கூடத்தில் நிதன் ஹாரனவா, புதையல் தோண்டுகிறார்கள், இப்போதே வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றாள். பேர் கேட்டார்கள். வைத்துவிட்டாள். வைத்ததும் நெஞ்சு, பல நாளைக்குப் பிறகு, கொஞ்சம் லேசானது. ரோஷானிக்கு ஒருவரும் செய்யாததை இவளுக்குச் செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான்.

ஜீப் அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. லயத்து ஆட்கள் எல்லாம் அதன் பின்னால் ஏறினார்கள், மரியாயியும் ஏறினாள். அவர்கள் போய்ச் சேரும்போது கதவு திறந்து கிடந்தது. நுளம்பு வலை ஒரு பக்கம் கிழிந்து கிடக்க, இரண்டு பொலிஸ்காரர்கள் ஒரு நீளமான பலகையை வயரோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். இழுத்த இழுப்பில் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் படியில் தெறித்தன. பின்னால் லியோன் வந்தான். “சேர், மெதுவா, மெதுவா சேர்” என்று சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால், ஒரு பெண் பொலிஸ் கையைப் பிடித்திருக்க, சர்மிளா வந்தாள்.

மடுவம் அன்று மத்தியானமே மூடியிருந்தது. மரியாயிக்கு அது தெரியாது. தாவணியை வாயில் வைத்துக்கொண்டு, கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்து மகள் ஜீப்பில் ஏறுவதை அவள் பார்த்தாள். “ஐயோ, கல்யாணப் பொண்ணுல்ல” என்றாள் தங்கம்மா. அந்தக் குரலில் இருந்த இரக்கம் மரியாயிக்குச் சுட்டது.

ஜீப் போன வழியிலேயே எதிரே ஒரு ஆட்டோ வந்தது. ஸம்சுதீன். நடந்ததைக் கேட்டதும் ஆட்டோவைத் திருப்பி, “ஏறுங்க” என்றார். வேறு வழியில்லாமல் மரியாயி ஏறினாள். வளைவுக்கு வளைவு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“புதையலா? யா அல்லாஹ், அது நான் குடுத்த ரிலே. நான் கடை போட முந்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேல செஞ்ச ஆள். பழைய எக்ஸ்சேஞ்சக் கழட்டின நேரம் மனசு கேக்காம ஒரு சாக்கு நானே எடுத்து வச்சிக்கிட்டேன். பேரப்புள்ளைக்குக் காட்டினா சிரிக்குது. இந்தப் பொடியன்தான் தேடி வந்து கேட்டிச்சு. அந்தக் காலத்துல கம்ப்யூட்டரே இதாலதான் செஞ்சாங்களாம், தோட்டத்துப் புள்ளைகளுக்கு உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு கண்ணால காட்டணுமாம். திரைக்குள்ள நடக்கிறது ஒண்ணும் தெரியாது, இதுல டக்குன்னு அடிக்கிறதப் பாக்கலாம், காதால கேக்கலாம்.”

“எலுமிச்சம்பழம்?” என்றாள் மரியாயி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“என்னது?”

“எலுமிச்சம்பழம் எதுக்கு?”

“பித்தளையில பாசி புடிச்சீந்திச்சே, எலுமிச்சங்கா போட்டுத் தேய்க்காம கரண்ட் பாயுமா? ஒங்கட மகள்தான் ஒவ்வொண்ணாத் தேய்ச்சு எடுத்திச்சு. விரலெல்லாம் புண்ணு. பூச்சி பூந்தா வேல செய்யாதுன்னு நொளம்பு வலையும் அதுதான் தைச்சுக் குடுத்திச்சு. அமெரிக்காவிலயும் ஒருக்கா அந்துப்பூச்சி மாட்டி மெசின் நின்னு போச்சாம், பொடியன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.” கொஞ்சம் பொறுத்து, “அம்மாக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க, கல்யாணத்துக்கு முந்தி இப்பிடி வந்து போறதுக்குன்னு பயந்திச்சு புள்ள. நீங்க ஏசிப்போடாதீங்க” என்றார்.

ஏசுவதற்கு மரியாயிக்கு என்ன முகம் இருந்தது? போய்ச் சேருகிறவரை ஆட்டோக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொலிஸில் சார்ஜன்ட் ஒருவர், பெரிய மீசை, மேசை மேல் பலகையைக் கிடத்தி வைத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சர்மிளா சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டதும் அழுகை பீறிட்டது. “அம்மா, நாங்க ஒண்ணும் செய்யலம்மா” என்று தோளில் சாய்ந்தாள். மரியாயி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவுகிற கையை வெட்டிப் போட்டால் தேவலை போலிருந்தது.

லியோன் விடாமல் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். பாதி வயர் அறுந்திருந்தாலும் ஒரு மூலை பிழைத்திருந்தது. ஜீப்பிலிருந்து பேட்டரிகளை இறக்கித் தரச் சொல்லி இணைத்தான். “சேர், ரெண்டு நம்பர் சொல்லுங்க. சின்னதாச் சொல்லுங்க.”

சார்ஜன்ட் மூன்றும் இரண்டும் என்றார். லியோன் தகரச் சாவிகளை அமுக்கினான். டக், டக் என்று ரிலேக்கள் அடித்தன. வரிசையில் மூன்று பல்பு, முதலாவது எரிந்தது, நடுவில் உள்ளது இருண்டு நின்றது, கடைசியும் எரிந்தது.

“ரெண்டுதானே எரியுது?” என்றார் சார்ஜன்ட். “அஞ்சு எங்கே?”

“மொதல் பல்புக்கு நாலு சேர், கடைசிக்கு ஒண்ணு. கூட்டினா அஞ்சு. உங்க கையில இருக்கிற போனும் உள்ளுக்குள்ள இப்பிடித்தான் கூட்டுது. இது அதோட பூட்டன் மாதிரி.”

சார்ஜன்ட் தன் போனைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். போனில் ஒரு நொடியில் வருகிற கணக்குக்கு ஒரு மனிதன் ஏன் பாழடைந்த கட்டடத்தில் ஒளிந்து இத்தனை பாடுபட வேண்டும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. மரியாயிக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளுக்கு அவருடைய தலைக்குள் ஓடுவது ஒவ்வொன்றும் தெரிந்தது.

“ரொபர்ட் உனக்கு யார்?” என்று கேட்டார் அவர்.

“சித்தப்பா சேர்.”

“ஆ.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ நான் இதை ஸ்கேனர் என்று நீதிமன்றத்துக்கு அனுப்பினால் யார் குறை சொல்வார்கள்? தொல்பொருள் திணைக்களம் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை ரெண்டு பேரும் உள்ளே இருக்கலாம்.”

“பொண்ண விட்டுருங்க சேர்” என்றான் லியோன். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” பிறகு மரியாயியிடம் திரும்பித் தமிழில், “பயப்படாதீங்க அத்த. எவனோ பொறாமையில போன் அடிச்சிருக்கான். உண்மை வெளிய வந்துரும்” என்றான்.

சார்ஜன்டுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் போலிருந்தது. “எவனோ இல்லை, ஒரு அம்மா” என்றார். “பேர் சொல்லவில்லை. நம்பர் விழுந்திருக்கிறது. அந்த அம்மா வந்து, தோண்டுவதைக் கண்ணால் கண்டேன் என்று சொன்னால் கேஸ். இல்லாவிட்டால் பார்ப்போம்.” மேசையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் எண்களை அழுத்தினார்.

மரியாயியின் மடியில் இருந்த பையிலிருந்து மாதா பாட்டு கேட்டது.

சர்மிளா தாயின் தோளிலிருந்து தலையை எடுத்தாள். ஸம்சுதீன் கூரையைப் பார்த்தார். சார்ஜன்ட் போனைக் காதில் வைத்தபடியே மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். பாட்டு பாடிக்கொண்டே இருந்தது. பைக்குள் கை விட்டு அதை அமர்த்திவிடலாம். வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

போனை எடுத்துக் காதில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே, “ஒவ் மஹத்தயா. மமய்” என்றாள். ஆமாம் ஐயா, நான்தான். பிறகு சிங்களத்திலேயே தொடர்ந்தாள். தோண்டினதை நான் காணவில்லை. எலுமிச்சம்பழம் கண்டேன், பேட்டரி கண்டேன். மற்றதெல்லாம் நானே நினைத்துக்கொண்டது. பிள்ளைகள் மேல் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னுடையது, என்னைப் பிடித்துப் போடுங்கள்.

சார்ஜன்ட் போனை மேசையில் வைத்தார். சிரிப்பா எரிச்சலா என்று தெரியாத ஒரு சத்தம் அவர் மீசைக்குள்ளிருந்து வந்தது. பொலிஸை இப்படி அலைக்கழித்ததற்கு ஒரு பாட்டம் திட்டினார். அவள் நின்று வாங்கிக்கொண்டாள். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோரையும் போகச் சொன்னார்.

பலகையை வெளியே கொண்டுவந்தபோது அது இரண்டாகப் பிளந்துவிட்டது. லியோனும் ஸம்சுதீனும் உதிர்ந்த ரிலேக்களைப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டார்கள். லியோன் அவளை ஏசவில்லை. “இருட்ட முந்தி போயிருவோம் அத்த” என்று மட்டும் சொன்னான், அதுவும் அவளைப் பார்க்காமல்.

மரியாயி குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தைப் பிடித்திருந்த சர்மிளா, அதை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எதுக்கும்மா?”

“தூக்கத்தான் புள்ள. கனமா இருக்கில்ல.”

சர்மிளா, மீன்காரன் காட்டாத பக்கத்தைத் தேடுகிற பார்வையோடு, தாயின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“வேணாம். நீங்க முன்னால போங்க. நாங்க பொறகு வாறோம்.”